ஊரே தடுமாறிய இருட்டில்

சங்கு ஊதுகிறது. ஓடுகிறோம். உப்பு ஆபீஸ் கூரைமேல் இருக்கிற சங்கு அது. வேலை முடிந்தால் ஒரே நீளமாக ஊதும். இன்று விட்டு விட்டு ஊதுகிறது. விட்டு விட்டு ஊதினால் எதிரி விமானம் என்று தண்டோரா போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். பின்னாலிருந்து யாரோ கத்துகிறார்கள். "வெளக்க அணைங்க! தோப்புக்கு ஓடுங்க!" உப்புப் பாத்தி முழுக்க மழைத் தண்ணீர். பாத்திகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற அகலத்துக்கு வரப்பு. அதன்மேல் வரிசையாக ஓடுகிறோம். எதிரே சவுக்குத் தோப்பு.

வள்ளி விழுகிறாள். என் மகள். மூன்று வயது. தொப்பென்று ஒரு சத்தம். பாத்தியிலிருந்து தூக்குகிறேன். வரப்பில் நிற்க வைக்கிறேன். நாலு எட்டு வைக்கிறாள். மறுபடியும் தொப். எனக்கு முன்னால் பச்சையம்மாவின் மகன் ஏழுமலை ஓடுகிறான். அவனுக்கும் மூன்று வயதுதான். தாய் கையைக்கூடப் பிடிக்கவில்லை. வரப்பு வளைகிற இடத்தில் வளைகிறான். மடை வந்தால் தாண்டுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வள்ளியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். "கண்ணு பொடனியிலயா இருக்குது? அவன் ஓடறான் இல்ல?" அவள் அழவில்லை. என் புடவையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

1971, டிசம்பர். பாகிஸ்தானோடு சண்டை தொடங்கிய மூன்றாம் நாள். மணி ஆறே முக்கால். நிலா இன்னும் எழவில்லை. மரக்காணம் உப்பளத்தில் நடந்ததை, நடந்தபடியே சொல்கிறேன். என் பெயர் செங்கேணி. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

பச்சையம்மா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. ஒரே மனை, இரண்டு வீடு, நடுவில் ஓலை வேலி. அவளும் உப்பு வாருகிறவள்தான், நானும் உப்பு வாருகிறவள்தான். ஆனால் அவள் எது செய்தாலும் துலங்கும். அவள் வைத்த முருங்கைக் குச்சி மரமாகி நின்றது, பப்பாளி காய்த்தது. நான் வைத்தது பட்டுப்போனது. ஒரே மாதத்தில் இருவருக்கும் பிள்ளை பிறந்தது. அவள் பிள்ளை கொழுகொழு என்று இருந்தான். பார்க்கிறவர்கள் எல்லாம் அவனைத்தான் தூக்கினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பதினாலு நாள் சண்டையில் எதிரியை நான் ஒருமுறைகூட வையவில்லை. பச்சையம்மாவைத்தான் கரித்துக்கொட்டினேன்.

அந்த வருஷம் வெயில் காலத்தில் ஒரு நர்சம்மா வந்தார். பழுப்புக் கலர் பாட்டில். உள்ளே மஞ்சளாக, பிசுபிசுவென்று எண்ணெய். மீன் நாற்றம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன், கண்ணுக்கு நல்லது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும் என்றார். எங்கே உட்கார்ந்தார்? பச்சையம்மா வீட்டு முருங்கை நிழலில். ஏழுமலையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். பிறகு வள்ளியைக் கூட்டிவரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் வள்ளியை வீட்டுக்குள் உட்கார வைத்தேன். கையில் ஒரு வெல்லக்கட்டி கொடுத்தேன். கதவைச் சாத்தினேன். வெளியே வந்து, பிள்ளை வானூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று வாய் கூசாமல் சொன்னேன். கொழுகொழு பிள்ளைக்குப் பக்கத்தில் என் எலும்பும் தோலுமான பிள்ளையை நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். நர்சம்மா நோட்டில் எழுதிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து வருகிறேன் என்றார். அதற்குள் சண்டை வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. வீட்டில் கஞ்சியும் சுட்ட கருவாடும்தான். பச்சையம்மா நாள் தவறாமல் ஒரு கொத்து முருங்கைக்கீரை ஒடித்து வேலிமேல் வைப்பாள். "ஒம் பொண்ணு எளச்சிப் போயிட்டாடி. இத்த ஆக்கிப் போடு." இளைத்துப் போனாள் என்றது என் காதிலேயே நின்றது. கீரையை ஆட்டுக்குப் போட்டேன். கீரை கொடுத்தால் சின்னப் பிள்ளைக்கு மாந்தம் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. யாராவது கேட்டால் அதைச் சொன்னேன். ஆடு நன்றாகக் கொழுத்தது.

சங்கு அன்றோடு நிற்கவில்லை. ஐந்து சாயங்காலம் ஊதியது. கடலில் நீர்மூழ்கி நிற்கிறது என்றார்கள். ஐந்து தடவையும் ஓடினோம். விளக்கை அணைத்ததும் எல்லாரும்தான் முட்டிக்கொண்டோம். கால் இடறியது, குடம் உருண்டது, சிரிப்பும் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகும். நட்சத்திர வெளிச்சம் பாத்தித் தண்ணீரில் தெரியும். வரப்பு புலப்படும். வள்ளிக்கு மட்டும் புலப்படவே இல்லை. தட்டை முன்னால் வைத்தால் தரையைத் தடவினாள். பொழுது சாய்ந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சங்குக்குப் பயந்துவிட்டாள் என்றார் என் வீட்டுக்காரர். பிடிவாதம் என்றேன் நான்.

கண்டுபிடித்தவள் பச்சையம்மா. எட்டாம் நாள் வேலி ஓரம் வந்தாள். "செங்கேணி, வள்ளி கண்ணு சரியில்லடி. எம் புள்ள இருட்டுல ஓடறான். இவ தட்டத் தேடறா."

"ஒம் புள்ள ஒசத்தி, எம் புள்ள குருடா?" என்று கேட்டேன். வேலியில் இருந்த இடைவெளியை ஓலை வைத்து அடைத்தேன். குருடு என்ற சொல்லை முதலில் சொன்ன வாய் என்னுடையது.

பத்தாம் நாள் வள்ளிக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள் நிற்கவில்லை. பதினாலாம் நாள் சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊரில் வெடி வெடித்தார்கள். எல்லா வீட்டிலும் லாந்தர் ஏற்றினார்கள். நானும் ஏற்றினேன். வள்ளியின் முன்னால் வைத்தேன். தட்டு அங்கேயேதான் இருந்தது. அவள் தரையைத் தடவினாள்.

லாந்தரை முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்க்கிறேன். கருவிழி ஓரமாக நுரை ஒட்டியதுபோல் வெள்ளை. கண்ணில் ஈரமே இல்லை. இடது கருவிழி கலங்கியிருக்கிறது. விடிந்தபோது அந்தக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

வேலியைப் பிரித்துக்கொண்டு நான்தான் ஓடினேன். பச்சையம்மா வாசலுக்கு வந்தாள். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். புதுச்சேரிக்கு முதல் பஸ். வழி முழுக்க அவளே வைத்திருந்தாள். வள்ளி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். என்னிடம் அப்படித் தூங்கியதில்லை. அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் எரிந்தது.

கண் டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். "எத்தினி நாளா சாயங்காலத்துல தடுமாறுது இந்தப் புள்ள?"

"தெரியலிங்க. வெளக்க அணைக்கச் சொல்லிட்டாங்க. ஊரே தடுமாறிச்சிங்க."

அவர் இமையிலிருந்து கையை எடுத்தார். உணவில் சத்து இல்லாமல் வருகிற மாலைக்கண் என்றார். முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு ஸ்பூன் மருந்தில் போயிருக்கும் என்றார். நர்ஸ் பாட்டிலைத் திறந்தாள். மஞ்சள் எண்ணெய். அதே மீன் நாற்றம். வள்ளி முகம் சுளித்துக்கொண்டு குடித்தாள். கீரை, மீன் ஈரல், பப்பாளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார் டாக்டர். எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவை.

வலது கண் பிழைத்தது. ஒரு வாரத்தில் சாயங்காலமும் தெரிய ஆரம்பித்தது. இடது கண் பிழைக்கவில்லை.

இனி இழப்பு. எங்கள் கரையில் குண்டு விழவில்லை. விமானம் வரவில்லை. நீர்மூழ்கியை யாரும் பார்க்கவில்லை. செத்தவர் ஒருவரும் இல்லை. தோப்புக்கு ஓடியதில் உடைந்த லாந்தர் இரண்டு. பாத்தியில் போன செம்பு ஒன்று, அது என்னுடையது. வள்ளியின் இடது கண் ஒன்று. சண்டையில் நம் ஊருக்கு ஒரு சேதமும் இல்லை என்று இப்போதும் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஏழுமலை இப்போது பெரிய ஆள். தெருவில் எதிரே வந்தால் சிரித்துக்கொண்டே, சின்னம்மா, சாப்பிட்டீங்களா என்று கேட்பான். நான் முதலில் அவன் முகத்தில் எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. எண்ணி முடித்த பிறகுதான் எனக்குப் பதில் வருகிறது.