மூணு மாசம் கழிச்சு வாங்க

— காலரை ஏன்டா இப்படி ஏத்தி விட்டிருக்கே? கழட்டிக் குடு, சட்டையைத் தேய்ச்சுத் தர்றேன்.

— வேணாம்க்கா. நீ அந்த வாடிக்கைத் துணியை முடி.

— பஸ் ஓட்டுறவனுக்கு என்னடா சினிமா ஸ்டைலு… இரு, இப்படித் திரும்பு. கழுத்துல நெறி கட்டியிருக்கா?

— வலியெல்லாம் இல்ல.

— டாக்டர்கிட்ட…

— பெரிய ஆஸ்பத்திரியில காட்டியாச்சு. ரத்தமும் எடுத்தாச்சு. நீ முதல்ல இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வை.

— வச்சுட்டேன். சொல்லு.

— ரத்தப் புற்றுநோயாம். பயப்படாதே! இது மெதுவான வகை. ரத்தத்துல வெள்ளை அணு இருக்குல்ல? அதுல ஒரு கூட்டம், வேலையும் செய்யாம, சாகவும் சாகாம, இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காம்.

— நம்ம சித்தப்பா மாதிரி.

— அக்கா!

— சரி சரி… அடைச்சா என்ன ஆகும்?

— நல்ல அணுவுக்கு இடமில்லாமப் போயிடும். ரத்தம் குறையும், அடிக்கடி காய்ச்சல் வரும். இந்த நெறியும் அதுங்க தேங்கினதுதான்.

— மருந்து?

— இப்போதைக்கு இல்ல. மூணு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டார்.

— கைவிட்டுட்டாரா என்ன?

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆஸ்பத்திரி படியில உட்கார்ந்து அழுதுட்டு, திரும்பப் போய்க் கேட்டேன். தொந்தரவு இல்லாதப்போ மருந்து குடுத்தா ஆயுசு கூடாது, பக்கவிளைவுதான் மிச்சம்னார். எடை குறைஞ்சாலோ, ராத்திரி வேர்த்துக் கொட்டினாலோ உடனே வரணும். சில பேருக்குக் கடைசிவரைக்கும் மருந்தே தேவைப்படாதாம். தேவைப்பட்டாலும் நல்ல மாத்திரைங்க இருக்காம்.

— நம்புறியா?

— பகல்ல நம்புறேன்.

— ராத்திரி?

— …கழுத்தைத் தடவிப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கேன்.

— உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?

— இன்னிக்குச் சொல்லணும். அதான் முதல்ல உன்கிட்ட…

— ஒத்திகையா?

— ஆமா. நீ ஒப்பாரி வைப்பேன்னு பார்த்தா, சிரிச்சுக்கிட்டு நிக்கிறே. நான் சொன்னது புரிஞ்சுதா உனக்கு?

— நல்லாவே புரிஞ்சுது. அவகிட்டயும் இப்படியே சொல்லு.

— அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நீயும் கூட வர்றியாக்கா? தனியா உட்கார்ந்திருக்க முடியல.

— வர்றேன்டா. நானும் நாலு வருஷமா அதே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டு வர்றேன், இதே வியாதிக்கு. நீ எப்படிச் சொல்றேன்னு பார்க்கத்தான் தெரியாத மாதிரி கேட்டேன். இன்னும் ஒரு மாத்திரை போடல. வாயைத் திறந்து ஒருத்தர்கிட்ட சொல்லத்தான் தைரியம் வரல… உனக்கு வந்துடுச்சு. நட, கடையைச் சாத்துறேன். அவகிட்ட உன்னோடதைச் சொல்றப்போ என்னோடதையும் சேர்த்துச் சொல்லிடு.