அரைச் சுற்று

ஏப்ரல் மாதத்தில் எரிபொருள் பம்பில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பக் கூடாது. எங்கள் வடமேற்கு அயோவாவில் இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு எத்தனால் என்று பம்பில் போட்டிருக்கும். ஆனால் பனிக்காலத்தில் வண்டி கிளம்ப வேண்டுமே என்று எத்தனாலைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டியிருப்பார்கள். வெயில் வந்த பிறகும் அந்தப் பழைய சரக்கு தொட்டியில் கிடக்கும், எத்தனால் அறுபதுதான் தேறும். சாதாரண வண்டிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சூப்பர்சார்ஜர் பொருத்திய ட்ரக்கின் கதை வேறு. சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கிற இயந்திரம். எத்தனால் போதுமான அளவு இருந்தால் எஞ்சின் சூடேறாமல் தாங்கும். குறைந்தால் வெடித்துச் சிதறவும் கூடும்.

அதனால்தான் நான் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தேன். கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே எரிபொருளை ஊற்றிக் குலுக்க வேண்டும். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், பெட்ரோல் மேலே மிதக்கும். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே நிற்கிறதோ அதை வைத்து எத்தனை பங்கு என்று சொல்லிவிடலாம். அந்தக் குழாயோடு அலைவதால் என் நண்பன் ராய்ஸ் என்னை டாக்டர் என்று கூப்பிடுவான்.

ஸ்டேஷன் காபிக்கு நன்றி, டெபுடி. முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை என் பட்டறையில் லோவல் பிராண்ட்ஸ்மாவின் ட்ரக்கை ட்யூன் செய்தேன். குழாயைத் தேடினேன், கிடைக்கவில்லை. இன்னொன்று வாங்கிவர அரை மணி நேரம் ஆகியிருக்கும். பம்பில் எண்பத்தைந்து என்று போட்டிருந்தது, அந்த எண்ணுக்குத் தகுந்தபடியே எஞ்சினை அமைத்தேன். என் நோட்டில் அந்த எண்ணை எழுதி, பக்கத்தில் ‘குழாயில் பார்த்தது’ என்றும் எழுதினேன். சாயங்காலம் லோவல் தன் வயல் பாதையில் ஓட்டிப் பார்த்தான். சூப்பர்சார்ஜர் வெடித்து, எஞ்சின் மூடியைப் பிய்த்துக்கொண்டு, முன்கண்ணாடி வழியாக அவன் மேல் போய் விழுந்தது. இரும்பில் ஏதோ பழுது என்றார்கள். ராய்ஸ் பக்கத்தில் நிற்க, என் நோட்டைப் பார்த்துவிட்டு நீங்களும் அதைத்தான் எழுதிக்கொண்டீர்கள்.

லோவல், ராய்ஸ் டெர்ப்ஸ்ட்ராவின் தங்கை கணவன். ராய்ஸும் நானும் முப்பது வருடமாக நண்பர்கள். லோவலின் அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அவன் என் பட்டறைக்கு வந்தான். கையில் என் கண்ணாடிக் குழாய்.

“டாக்டரே, உன் சாமான் என் வண்டியிலேயே கெடந்திருக்குப்பா. மார்ச்சுல வாங்கிட்டுப் போனது. சுத்தமா மறந்துட்டேன்.”

“பரவால்ல விடு.”

“எங்கிட்ட வந்த பொருள் ஊர் திரும்பாதுன்னு மார்லிஸ் சொல்றது சரியாத்தான் இருக்கு.”

மார்லிஸ் அவன் மனைவி. அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். பிறகு குழாயை மேஜையில் வைக்கப் போனவன் வைக்காமல் ஒரு கணம் அதையே பார்த்தான். பார்த்தது மாதிரி எனக்குத் தோன்றியது.

எனக்கு மிகவும் பயமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் சாலையில் எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நாமும் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் ஏதோ கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். ராய்ஸ் எதிரே வரும்போதெல்லாம் அவன் விரலையே பார்த்தேன். இன்று கொஞ்சம் தாமதமாகத் தூக்கினானோ, நேற்றைவிடத் தாழ்வாகத் தூக்கினானோ என்று வீடு போய்ச் சேரும்வரை யோசிப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. சர்ச்சில் அவன் என் பக்கம் திரும்பினால் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். மே, ஜூன் இரண்டு மாதமும் இப்படியே போயின.

ஜூலையில் மாவட்டக் கண்காட்சி. எடை ஏற்றிய இரும்புச் சறுக்குவண்டியை மண் பாதையில் யார் வண்டி அதிக தூரம் இழுக்கிறது என்று ஒரு போட்டி வைப்பார்கள். அதற்காக ராய்ஸின் ட்ரக் என் பட்டறையில் நின்றது. செவ்வாய்க்கிழமை வந்து எட்டிப் பார்த்தான்.

“கண்காட்சி முடியட்டும் ஆர்லன். உங்கிட்ட ஒரு விஷயம் தனியாப் பேசணும்.”

“இப்பவே சொல்லேன்.”

“இப்ப வேணாம்பா. என் எஞ்சினுக்குள்ள கைய விட்டுட்டு நிக்கிற. கோவத்துல எதையாவது கழட்டி விட்டுட்டீன்னா?”

என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

என்ன விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தங்கைக்குத் தெரியும், திங்கட்கிழமைக்குள் உங்களுக்குத் தெரியும். ஒரு மனிதன் அந்த நிலையில் என்ன செய்வான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எத்தனால் ஆலையிலிருந்து வந்த பீப்பாய் சரக்கை அவன் தொட்டியில் ஊற்றினேன். அதில் பெட்ரோல் பெயருக்குத்தான் இருக்கும். ட்யூனிங்கை அதற்குத் தகுந்தபடி மாற்றினேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை, என் கையில் அவ்வளவு அழகாக ஓடிய எஞ்சின் வேறு கிடையாது. பெட்ரோலை எதற்காகக் கலக்கிறோம் என்பதைப் பலர் பாதிதான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். வண்டி கிளம்புவதற்காக மட்டும் இல்லை. எத்தனால் தனியே எரிந்தால் நல்ல வெயிலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் சேர்ந்தால்தான் மஞ்சளாகத் தெரியும். வெள்ளிக்கிழமை, ஓட்டுபவர் கால்மாட்டை ஒட்டிப் போகும் எரிபொருள் குழாயின் இணைப்பை அரைச் சுற்று தளர்த்தினேன். மதியம் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை பகல் இரண்டு மணி, மேகமே இல்லை. அது ஊர் வண்டிகளுக்கான பிரிவு, தலைக்கவசம் இருந்தால் போதும், தீ தாங்கும் உடை கட்டாயமில்லை. ராய்ஸ் அரைக்கைச் சட்டையில்தான் ஏறினான். ட்யூன் செய்தவனே தீயணைப்பானோடு பாதை ஓரம் நிற்பது எங்கள் வழக்கம், நான் நின்றேன். ட்ரக் சறுக்குவண்டியைக் கடைசிக் கோடுவரை இழுத்துவிட்டது. பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. தீ பிடித்தது கண்ணில் படவில்லை, பட்டபோது எல்லாம் முடிந்திருந்தது என்று அன்று உங்களிடம் சொன்னேன்.

ராய்ஸின் அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பன்றி இறைச்சி ரொட்டி கொடுத்தார்கள். மார்லிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அவரு உங்ககிட்ட பேசணும்னு இருந்தாரே ஆர்லன், பேசினாரா?”

“இல்லையே மார்லிஸ்.”

“அந்தக் கண்ணாடிக் குழாய் விஷயந்தான். அவருக்கு மே மாசமே புரிஞ்சிடுச்சு. ‘அவன் நோட்டுல ஒரு பொய்ய எழுதிட்டு நடைப்பிணமா அலையறான். நான் யாருக்கும் சொல்லப்போறதில்லடா, தூங்குடான்னு அவங்கிட்ட சொல்லிடணும்’னாரு. தங்கச்சிகிட்டகூட மூச்சு விடல.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“எனக்கு மட்டுந்தான்,” என்று சொல்லி, என் தட்டில் இன்னொரு கேக் துண்டை வைத்தாள்.

வரும் திங்கட்கிழமை அவள் கார் என் பட்டறைக்கு வருகிறது, பிரேக் பார்க்க வேண்டுமாம். வேறு யாரையும் நம்ப முடியாது என்றாள். இரண்டு நாளாக நான் அந்தப் பிரேக்கைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. அதனால்தான் இன்று வெள்ளிக்கிழமையே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் கெட்டவன் இல்லை, டெபுடி. பயந்த சுபாவம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பற்றி ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். தீ என் கண்ணில் பட்டது. வண்டி நின்றதும் ராய்ஸ் ஜன்னல் வழியாக இரண்டு கைகளையும் வெளியே நீட்டி ஆட்டினான். ஜெயித்த சந்தோஷத்தில் ஆட்டுகிறான் என்று ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். அவனைச் சுற்றிக் காற்று கானல் மாதிரி நெளிந்தது, சட்டைக்கை தானாகச் சுருண்டு கறுத்தது. தீயணைப்பானின் பாதுகாப்புப் பின்னை முன்பே பிடுங்கி வைத்திருந்தேன். அவன் வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். நான் தீயணைப்பானைக் கீழே வைத்துவிட்டு, பதிலுக்குக் கையசைத்தேன். அவன் மேல் எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு போய்விடக் கூடாதே.