டிராகன் இனம் குறித்துச் சில நியாயமான ஆட்சேபணைகள்

டிராகனால் நாற்காலியில் உட்கார முடியாது. என் முதல் ஆட்சேபணை அவ்வளவுதான், மேடம். அதில் பகை எதுவும் இல்லை.

கணினி விளையாட்டு நிறுவனத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உங்கள் ஆட்டத்தை நீங்களே ஆடுவீர்களா என்று தெரியாது. அங்கே வேலை பார்ப்பவர்கள் ஆடுவதில்லை என்று கேள்வி. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். மனிதன், குள்ளன், வனவாசி என்று எந்த இனத்தை எடுத்தாலும் இரண்டு கை, இரண்டு கால், உட்கார ஓர் இடம் உண்டு. எங்கள் குழுவின் பெயர் பொற்கவசப் பேரவை. வாரந்தோறும் ஆட்டத்துக்குள் இருக்கும் எங்கள் மண்டபத்தில் கூடுவோம். வருகைப் பதிவு, முன்மொழிவு, வழிமொழிவு எல்லாம் முறைப்படி நடக்கும். நான் அதன் நிறுவனர், நிரந்தரத் தலைவர். பகலில் டைல்ஸ் கடையில் மேலாளர். இரண்டு வேலைக்கும் அடிப்படை ஒன்றுதான்: எதுவும் கோணலாக இருக்கக் கூடாது.

என் மனைவிக்கு இதிலெல்லாம் மரியாதை குறைவு. "ராஜ்ஜியத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி குப்பைப் பையைக் கீழ வெச்சுட்டு வந்துடுங்க" என்பாள். நான் வைத்துவிட்டு வந்துதான் செங்கோலை எடுப்பேன்.

அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் நீங்கள் டிராகனை விட்டீர்கள். பரிசோதனைக்கு என்றீர்கள். ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள், பிடித்தால் வைத்துக்கொள்வோம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடுவோம் என்றீர்கள். கருத்துகள் வந்து குவிந்தன. நான் எல்லாவற்றையும் படித்தேன். வால் சுவருக்குள் புகுந்து பக்கத்து வீட்டில் வெளிவருகிறது என்று ஒருவர் எழுதினார். கவசம் வாங்கிப் போட்டேன், செதிலுக்கு அடியில் மறைந்துவிட்டது, பிறகு எதற்குக் கவசம் என்று ஒருவர். நண்பர்கள் எல்லாம் விடுதிக்குள் சாப்பிடுகிறார்கள், நான் வாசலில் காவல் நாய் மாதிரி நிற்கிறேன் என்று ஒருவர். பல்லிக்கு இறக்கை ஒட்டிவிட்டுப் புது இனம் என்று ஏமாற்றுகிறார்கள் என்று இன்னொருவர், அது நான்.

புகழ்ந்தவர்களும் இருந்தார்கள். முதல் தடவை மேகத்துக்கு மேலே போனபோது அழுதுவிட்டேன் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். விளையாட்டில் அழுகிறவர்களை நான் நம்புவதில்லை. அந்தப் புகழ்ச்சிகளையெல்லாம் வரிசையாகப் படித்தபோது, ஒரே ஆள் பல பெயரில் எழுதுகிறாரோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது. அப்படிச் சந்தேகப்பட எனக்குத் தகுதி இருந்தது. கண்டித்து வந்த கருத்துகளில் பாதிக்கு மேல் பல பெயரில் நான் எழுதியவை.

இப்போது தம்பியைப் பற்றி. நீங்கள் வந்ததே அவன் விஷயமாகத்தானே.

சிறு வயதிலிருந்தே அவனைத் தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவந்தன. இப்போது கழுத்துக்குக் கீழே வலது கட்டைவிரலும் இடது பாதமும்தான் சொன்னபடி கேட்கும். அவனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் தூக்கிக்கொண்டு போவது நான். ஊட்டுவது நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. கடையில் எல்லோருக்கும் தெரியும், இந்தக் குடியிருப்பிலும் தெரியும். லிஃப்டில் யாராவது "உங்களை மாதிரி ஒரு அண்ணன்..." என்று ஆரம்பித்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர்கள் முடிக்கும்வரை குனிந்தே இருப்பேன்.

உங்கள் ஆட்டத்தில் மற்ற இனங்களை ஆடப் பத்து விரலும் வேண்டும். தம்பி வாளை உருவுவதற்குள் செத்துப்போவான். அதனால் அவனுக்கு ஒரு மனித உருவம் எடுத்துக் கொடுத்துப் பேரவை மண்டபத்தின் வாசலில் காவலனாக நிறுத்தியிருந்தேன். கௌரவப் பதவி. அசைய வேண்டிய அவசியமே இல்லை. அவனுக்கென்றே யோசித்து உண்டாக்கினேன்.

டிராகனுக்கு இரண்டு பொத்தான் போதும். ஒன்று திரும்ப, ஒன்று மூச்சைப் பிடித்து நெருப்பாக விட. தம்பியோடு பள்ளியில் படித்த ஒருவன் பைக் மெக்கானிக்காக இருக்கிறான். எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஒரு பழைய ஸ்கூட்டரின் பிரேக் மிதியை அறுத்து, சுவிட்ச் வைத்து, தம்பியின் இடது காலுக்கு அடியில் பொருத்தினான். அன்று மதியம் முழுவதும் அந்த அறையில் ஒரே சத்தம்.

"மெதுவா மிதிடா மச்சான். இது டிராகன், தண்ணி லாரி இல்ல."

"லைசென்ஸே இல்லாதவன் எனக்கு ஓட்டச் சொல்லித் தரான்."

"மலைல முட்டப் போறே, திருப்பு, திருப்பு. போச்சு."

"மலை குறுக்க வந்துச்சு, நான் என்ன பண்றது?"

தம்பி அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என் ராஜ்ஜியத்தை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் அவன் நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டான். நன்றாக என்பது குறைத்துச் சொல்வது. எங்கள் கோட்டையை எதிரிக் குழு முற்றுகையிட்ட அன்று நான் மண்டபத்தில் வியூகம் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தேன். உரை முடிவதற்குள் தம்பி மேலிருந்து இறங்கி முற்றுகையை எரித்துவிட்டான். எங்கள் தலைமை மந்திரவாதி ஒரு பல் டாக்டர்; வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும் நோயாளியைக் காக்க வைத்துவிட்டுப் போருக்கு வருபவர். அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "தலைவரே, தப்பா எடுத்துக்காதீங்க. கூட்டத்தை நீங்க நடத்துங்க. சண்டைன்னு வந்தா தம்பி சொல்றதைக் கேட்டுக்குவோம்." நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. குறிப்பில் ஏற்றச் சொன்னேன்.

அதன் பிறகுதான் அது நடந்தது. கோட்டைக்குத் திரும்ப நீண்ட தூரம். டிராகன்கள் பிறரை முதுகில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வசதி வைத்திருக்கிறீர்கள். தேவையில்லாத வசதி என்பது என் கருத்து. தம்பி என் முன்னால் வந்து இறங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அண்ணா, ஏறி உட்காரு. இத்தனை வருஷம் நீ தூக்கினே. இன்னிக்கு என் முறை."

எல்லோரும் கைதட்டினார்கள். பல் டாக்டர் நெகிழ்ந்துவிட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். செங்கோலைப் பிடித்துக்கொண்டு, கால்கள் தொங்க, அவன் முதுகில். கீழே காடு, ஆறு, எங்கள் கோட்டை எல்லாம் போயின. திரையில்தான். ஆனால் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து அறையில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

இந்த வீட்டில் தூக்குபவன் நான், மேடம். ஒரு வீட்டுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அன்றுதான் டிராகன் இனம் ஆட்டத்தின் சமநிலையைக் கெடுக்கிறது என்பதில் எனக்கு ஐயம் நீங்கியது.

முன்னைவிடத் தீவிரமாக எழுதினேன். பலன் இல்லை. உங்கள் வழக்கம் பிறகுதான் புரிந்தது. எத்தனை பேர் எதிர்த்தாலும் நீங்கள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. அந்த இனத்தை ஆடுபவர் சொன்னால்தான் எடை போடுகிறீர்கள். நல்ல முறை. டிராகனை எடுக்க வேண்டுமென்றால் ஒரு டிராகன்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் மதிக்கிற டிராகன்.

தம்பிக்கு என்னிடம் ரகசியம் கிடையாது. அவன் கடவுச்சொல்லை உண்டாக்கியதே நான். கடைக்கு விடுப்பு எடுத்தேன். அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைத்துவிட்டு இந்த மேசையில் உட்கார்ந்து அவன் பெயரில் எழுதினேன். எங்களைப் போன்றவர்கள்மேல் இரக்கப்பட்டு நிறுவனம் வீசிய பிச்சைதான் இந்த இனம். இரண்டு பொத்தானுக்குமேல் எங்களுக்கு வராது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை பறக்கும்போதும் என் ஊனத்தை ஊருக்குக் காட்டுவதாக உணர்கிறேன். இப்படி மூன்று பக்கம். எழுதும்போது கண் கலங்கியது. அவன் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததைத்தான் நான் எழுதினேன் என்று இன்றும் நம்புகிறேன்.

நீங்கள் பயந்துவிட்டீர்கள். புண்பட்ட உள்ளங்களுக்கு ஆழ்ந்த வருத்தம் என்று அறிவித்து, டிராகன்களை ஒரே மூச்சில் எடுத்துவிட்டீர்கள். எந்த உள்ளம் என்று யாரும் நேரில் வந்து பார்க்கவில்லை. இன்றுதான் வந்திருக்கிறீர்கள்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. டிராகன் ஆடியவர்கள் தம்பியைத் தேடித் தேடித் திட்டினார்கள். "உனக்குப் பிடிக்கலேன்னா நீ போடா, எங்க சிறகை எதுக்குடா பிடுங்கினே" என்று ஒருவன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். மேகத்துக்கு மேலே அழுத அந்த அம்மாவும் எழுதியிருந்தார், ஒரே வரி: நீயா இப்படி. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நான் எழுதலை. யாரோ என் பேர்ல புகுந்துட்டாங்க."

"தெரியும்டா. யாருன்னு நான் கண்டுபிடிக்கிறேன்" என்றேன். விசாரணையை நானே ஏற்றேன். வேறு யாரிடம் ஒப்படைப்பது?

அவன் முதலில் எதிரிக் குழுவைச் சந்தேகப்பட்டான். பிறகு பல் டாக்டரை. உடற்பயிற்சி கொடுக்க வரும் பெண்ணைக்கூட விடவில்லை. அவள் அவனுடைய போனைத் தொட்டதாக ஞாபகம் என்றான். ஒவ்வொருவரையும் நான் நியாயமாக ஆராய்ந்து விடுவித்தேன். நான் யார்மேலும் பழி போடவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "மிதியை மாட்டும்போது உன் கணக்கைத் திறந்து வெச்சு எல்லாத்தையும் சரிபார்த்தது யாரு?" அவ்வளவுதான்.

"ஸ்பேனர் அப்படிப் பண்ணமாட்டான்" என்றான்.

"நான் அவன்னு சொல்லலையே" என்றேன்.

சந்தேகம் ஒரு மனிதனுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். ஊட்டும்போது பாதியில் நிறுத்துவான். "அன்னைக்கு அவன் ஏன் சிரிச்சான்?" என்பான். அடுத்த வாயை நீட்டுவேன். அடுத்த முறை ஸ்பேனர் கை நிறையக் கிரீஸோடு வந்து நின்றபோது தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

"என்னடா ஆச்சு? என்னைப் பாருடா." ஸ்பேனர் கட்டிலருகே மண்டியிட்டான். "நானாடா? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"போயிடு."

அவன் போய்விட்டான். பிறகு பல தடவை போன் செய்தான். தம்பியின் போனில் அவன் எண்ணைத் தடுத்து வைத்தேன். அமைதி தேவைப்பட்டது. அந்த மிதியையும் கழற்றினேன். டிராகனே இல்லாதபோது அது காலை உறுத்தும். ஸ்பேனர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டதாகத் தம்பியிடம் சொன்னேன்.

என் மனைவி அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஸ்பேனர் எப்போ வந்தான்? நான் வீட்லதானே இருந்தேன்" என்றாள். நீ குளித்துக்கொண்டிருந்தாய் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தாள். இப்போது தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. மிதி என் அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் காட்டுகிறேன்.

தம்பி மறுபடியும் மண்டப வாசலில் காவலனாக நிற்கிறான். அவன் சார்பில் நானே உள்ளே போய் நிறுத்திவைக்கிறேன். திரையை அவன் பக்கம் திருப்பினால் கண்ணை மூடிக்கொள்கிறான். சாப்பாடு குறைந்திருக்கிறது. ஸ்பூனைக் கொண்டு போனால் வாயைத் திறப்பதில்லை. நேற்றும் இன்றும் தண்ணீர்கூட உதட்டோடு நின்றுவிட்டது. டாக்டரைக் கூப்பிட வேண்டியதில்லை. பிடிவாதம், சின்ன வயதிலிருந்தே உண்டு. பொறுமையாக இருந்தால் வழிக்கு வருவான். நான் பொறுமைசாலி.

ஸ்பேனர் உங்களுக்கு எழுதியதாகச் சொன்னீர்கள். தன்மேல் வந்த பழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாமே. அவன் எழுதியது இவ்வளவுதானாம்: ஒரு கட்டைவிரலால் நாலு வரி அடிக்கத் தம்பிக்கு ஒரு மதியம் ஆகும், மூன்று பக்கம் அவன் எழுதியிருக்கவே முடியாது. உண்மையைச் சொல்கிறேன், நான் அதை யோசிக்கவே இல்லை. அவனைத் தூக்கியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், ஊட்டியிருக்கிறேன். அவன் எழுதும்போது பக்கத்தில் இருந்ததில்லை. எனக்கு எழுத உட்கார்ந்தால் சுருக்கமாக வராது. பேரவையிலும் அப்படி ஒரு குறை சொல்வார்கள்.

ஆமாம், நான்தான் எழுதினேன். மறைக்க என்ன இருக்கிறது?

அந்தச் சத்தமா? கட்டில் கம்பி. இடது காலால் தட்டுவான். தூக்கத்தில் அப்படிச் செய்வதுண்டு. இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், அந்தக் கதவு கொஞ்சம் இறுக்கம். அந்தக் கருத்து தன்னுடையதல்ல என்று அவன் வாயாலோ கையாலோ சொன்னால் டிராகன்களைத் திரும்ப விடுவீர்கள் என்கிறீர்கள். அவ்வளவுதானே? அதற்கு அவனைத் தொந்தரவு செய்வானேன். தாளைக் கொடுங்கள், அவன் சார்பில் நானே எழுதித் தருகிறேன். இந்த முறை சுருக்கமாக எழுதுகிறேன்.