பாதிரியாரின் வயது

வான்கோழியின் காலை அளப்பதற்கு முன் சேற்றைத் துடைத்துவிட வேண்டும், மேடம். நிறையப் பேர் அதைச் செய்வதில்லை. காய்ந்த சேறு, காலின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற முள்ளின் அடியில் அப்பிக்கொண்டு அளவைத் தின்றுவிடும். இரண்டு வயசுச் சேவலை ஒரு வயசு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ரொட்டிப் பை மேசையிலேயே இருக்கட்டும். உள்ளே காட்டு வான்கோழியின் வலது கால் ஒன்றுதான் இருக்கிறது. நேற்றுக் காலையில் நான் சுட்டது, உரிமச் சீட்டோடு, உரிய நேரத்தில். அளவுகோலை அப்புறம் எடுக்கலாம். முதலில் என் மருமகன் டெரெல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்காகத்தான் வந்தேன்.

போன வசந்தத்தில் டெரெல், லோவல் ஹக்கபியை வான்கோழி என்று நினைத்துச் சுட்டான். அறிக்கை எழுதிய வனவிலங்கு அதிகாரி நீங்கள்தான், உங்களுக்குத் தெரியாதது இல்லை. அடுத்த வாரம் அவனுக்குத் தண்டனை சொல்லப்போகிறார்கள். உங்கள் அறிக்கையில் தவறு எதுவும் இல்லை. கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

இந்த வட்டாரத்தில் சேவலின் வயதைக் கேட்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். தீவனக் கடைச் சுவரில் ஆணியடித்த கால்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றின் கீழேயும் உள்ள எழுத்து என்னுடையது. முதல் வருடம் முள் வெறும் பொத்தான். இரண்டாம் வருடம் முக்கால் அங்குலம் வரும், முனை மழுங்கலாக இருக்கும். மூன்றாம் வருடம் ஓர் அங்குலத்தைத் தொடும். அதற்கும் மேல் போனால் கூராகி, கொக்கிபோல் மேலே வளையும்; செத்த சேவலை அந்த முள்ளாலேயே கிளையில் மாட்டித் தொங்கவிடலாம். முப்பது வருடத்தில் என் கணக்கு தப்பியதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓடைப் பள்ளத்தில் ஒரு சேவல் இருக்கிறது. பாதிரியார் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து வாசலுக்கு வருகிற பாதிரியார் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெதுவாக நடப்பார், அதனால். ஒன்பது வசந்தமாக அதே கருவாலி மரத்தில் அடைகிறார், அதே பாறைத் திட்டில் வாலை விரிக்கிறார். காட்டு வான்கோழி ஐந்து வயசைத் தாண்டுவதே அபூர்வம் என்று உங்கள் இலாகாப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் பாதிரியாரைப் பார்த்ததில்லை. இரண்டு முறை அவர் என் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் வந்தார். நான் விசையைத் தொடவில்லை. அப்படிப்பட்ட உயிரைச் சுட மனசு வராது.

லோவல் என் சிநேகிதன். முப்பத்தொரு வருடம் ஒரே தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க என் மாடுகளுக்குத் தீனி போட்டவன் அவன். குணத்தில் அவனுக்கு ஒரு குறை சொல்ல முடியாது. வாய்தான் சும்மா இருக்காது.

வேட்டைக் காலம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், தீவனக் கடையில் எட்டுப் பேர் இருக்கும்போது ஆரம்பித்தான்.

"டேய் ஹார்லன், வருஷா வருஷம் ஒரு சேவல் செத்துப்போகுது, வேற ஒண்ணு அதே இடத்துக்குக் குடிவருது. நல்ல இடம்டா அது. நான் சேவலாப் பொறந்திருந்தா நானும் அங்கதான் நிப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரன் தீவன மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"நீ பாத்தது கழுதை, நான் பாக்கறது குதிரை. உனக்கு வித்தியாசம் தெரியாது" என்றேன்.

"அப்ப ரெண்டு தடவை வந்தப்ப ஏன் சுடல? இரக்கமா? இரக்கம் இல்லப்பா, பயம். முள்ளு முக்கால் அங்குலமா இருந்துட்டா மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு பயம். கவலைய விடு, மொத நாளே நான் காலக் கொண்டாந்து இந்த மேசையில போடறேன். நீயே அளந்து சொல்லு."

அவர்கள் சிரித்தது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. பாதிரியாரை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். லோவல் சொன்னால் செய்கிறவன். பெட்டை மாதிரிக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அதனால் யோசித்தேன். ஒரே பள்ளத்துக்கு இரண்டு பேர் போனால் ஒருவர் வேட்டையை மற்றவர் கெடுப்பார். பறவை கலைந்து மேட்டுப் பக்கம் போய்விடும். யாருக்கும் நஷ்டமில்லை. என் எண்ணம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை லோவல் வீட்டுக்குப் போனேன். தோற்றவன் மாதிரிப் பேசினேன். பெட்டைக் குரலுக்கெல்லாம் அவர் வரமாட்டார், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார், தன் திட்டில் இன்னொரு சேவல் நிற்கிறது என்று நினைத்தால்தான் சண்டைக்கு வருவார் என்றேன். சேவல் மாதிரிக் கூவுகிற ரப்பர்க் குழல் அவனிடம் இருந்தது. என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த வால்விசிறியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிஜச் சேவலின் வால் அது, நன்றாக விரித்துக் காயவைத்தது. விழுந்து கிடக்கிற மரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இதை மட்டும் மேலே தூக்கி ஆட்டு என்றேன். லோவல் என் தோளைத் தட்டினான். "நீ நல்ல மனுஷன்டா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் நாடினும் டெரெலும் சாப்பிட வந்தார்கள். டெரெலுக்கு முப்பத்து நான்கு வயசு. கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஒரு சேவலும் சுட்டதில்லை. சுவரில் தன் பேரில் ஒரு கால் இருக்க வேண்டும், அதன் கீழே நான் எழுத வேண்டும் என்பது அவனுக்குப் பெரிய ஆசை. நாடின் பாத்திரம் கழுவுகிற நேரத்தில் அவனிடம் சொன்னேன். நாளை விடியலில் பாதிரியாரைத் தேடிப் பள்ளத்துக்குப் போ. குரல் கொடுக்காதே, அவர் வரமாட்டார். கூவல் கேட்டதும் ஊர்ந்து போ. விரித்த வால் விசிறி தெரியும். பக்கத்தில் தலையின் சிவப்புத் தெரிகிறவரை பொறு.

"மாமா, கூவுற எடத்தத் தேடிப் போகவே கூடாதுன்னு நீங்கதானே வகுப்புல சொல்லிக் குடுத்தீங்க?"

ஆமாம், மேடம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு இங்கே பதினெட்டு வருடமாக நான்தான் எடுக்கிறேன். உங்கள் இலாகாவிலிருந்து ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்திருக்கிறீர்கள்.

"அது பொதுக் காட்டுக்குடா. இது நம்ம நெலம்" என்றேன்.

"வேற யாரும் வரமாட்டாங்கல்ல?"

"யாரு வரப்போறா?"

லோவலுக்கு மரமெல்லாம் பூக்கிற பருவத்தில் மூக்கு ஒழுகும். எப்போதும் சிவப்புக் கைக்குட்டை வைத்திருப்பான். அதை நான் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை வேட்டைக் காலத்தின் முதல் நாள். விடியலில் காப்பியோடு சமையலறைப் படியில் உட்கார்ந்தேன். ஐந்தே முக்காலுக்குப் பள்ளத்திலிருந்து கூவல் வந்தது. அது குழல். கொஞ்ச நேரத்தில் கிழக்கே, தூரத்தில், பாதிரியார் பதில் கொடுத்தார். அவர் அந்தப் பக்கமே இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சு லேசானது. அப்போது நான் எழுந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். குரல் கேட்கிற தூரம்தான். காப்பி சூடாக இருந்தது. குழல் இன்னும் மூன்று முறை கூவியது. அதன்பிறகு ஒரு வெடி. அதன்பிறகு டெரெல் கத்துவது கேட்டது. நான் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனேன்.

டெரெல் தன் சட்டையைக் கழற்றி லோவலின் கழுத்தில் அழுத்திக்கொண்டிருந்தான். ஆம்புலன்சுக்குப் போன் செய்ய அங்கே சிக்னல் கிடைக்காது. மேட்டுக்கு ஓடு என்று அவனை அனுப்பிவிட்டு நான் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். லோவலுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஆறுதலாக இருந்தது அவனுக்கு, நான் வந்தது.

"பையன ஏசாத" என்றான். பிறகு, "உன் விசிறிய எடுத்துக்கடா. ரத்தம் பட்டுரும்" என்றான்.

எடுத்துக்கொண்டேன். அவன் சொன்னபடிதான் செய்தேன். டெரெல் திரும்பி வருவதற்குள் லோவல் போய்விட்டான், விசிறி என் கோட்டுக்குள் இருந்தது. நான் குறைகிறது என்று சொன்னது அதைத்தான். விசிறியைப் பார்த்தேன், பார்த்தேன் என்று டெரெல் உங்களிடம் எத்தனை முறை சொன்னான். நீங்கள் தேடினீர்கள், இல்லை. இப்போது அவனே அதைச் சொல்வதில்லை. ஆசையில் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கும் என்று அவனையே நம்பவைத்துக்கொண்டான். ராத்திரியெல்லாம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறானாம், நாடின் சொன்னாள். விசிறி என் வீட்டுக் கூடத்தில் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவள் அழுதாள்.

நானும் நிம்மதியாக இல்லை. சவரம் செய்யும்போது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்கிற மாதிரி லோவல் கேட்கிறான், முள்ளு எவ்வளவுடா என்று. தீவனக் கடையில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. அவன் மட்டும் ஒரு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். செத்தவன் கேட்டால் பதில் சொல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? அதனால்தான் நேற்றுப் போனேன். அதே பாறைத் திட்டு, அதே மரம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். இந்த முறை விசையைத் தொட்டேன்.

நானே அளந்துவிட்டேன், நான்கு முறை. என் அளவை இப்போது நம்ப முடியாது. உங்கள் கை நிதானமான கை. இப்போது எடுத்து அளந்து சொல்லுங்கள். அடியில், செதில் முடிகிற இடத்திலிருந்து.

"முக்கால் அங்குலம், மிஸ்டர் டீட்ஸ். முனைகூட மழுங்கல்தான். ரெண்டு வயசு."

சேற்றைத் துடைத்தீர்களா? சரி. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும். லோவலை அந்த மரத்துக்குப் பின்னால் படுக்கவைத்தது நான். டெரெலை அவன்மேல் ஏவியது நான். விசிறியை ஒளித்தது நான். லோவலைக் கொன்றது நான், டெரெல் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்தக் கால் விஷயத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வயசு என்றால் நேற்று நான் சுட்டது வேறு ஏதோ சேவல். பாதிரியார் இன்னும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறார், இது அவருக்குப் பத்தாவது வசந்தம். அந்த மட்டில், மேடம், லோவல் வீணாகச் சாகவில்லை.