ஸ்காட்லாந்துக்குப் பூக்கட்டிப் பார்த்தது

சுப்ரஜா: சிவப்பு. என் கண்ணால பாத்தேன். கெளம்புங்கப்பா, எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு.

மகேஸ்வரன்: இருட்டி. இந்தப் படித்துறையில ஒரு நிமிசம் உக்காரு.

சுப்ரஜா: எதுக்கு? வெள்ளைப்பூ வந்தா ஸ்காட்லாந்துக்குப் போயிப் படி, சிவப்பு வந்தா போகாத. நீங்கதான சொன்னீங்க. பட்டர் சாமி காலடியில இருந்து ஒரு பொட்டலம் எடுத்தாரு, பிரிச்சாரு, சிவப்பு அரளி. முடிஞ்சு போச்சு.

மகேஸ்வரன்: சிவப்பு வராதுட்டி.

சுப்ரஜா: வந்துட்டே.

மகேஸ்வரன்: வரக்கூடாது.

சுப்ரஜா: ஏன் வரக்கூடாது? ரெண்டு பொட்டலத்துல ஒண்ணு சிவப்புதான?

மகேஸ்வரன்: ...பட்டருக்கு இப்ப பார்வை சரியில்ல. நந்தியாவட்டையைப் பாத்து அரளிம்பாரு.

சுப்ரஜா: பாத்தது நானு. எனக்குமா பார்வையில்ல?

மகேஸ்வரன்: இன்னொரு தரம் கட்டிப் பாப்போம்.

சுப்ரஜா: நல்லாருக்கே. குறுக்குத்துறை முருகன்கிட்டயே மறுமதிப்பீட்டுக்குப் போடுதீங்களா? பீஸ் எவ்வளவாம்?

மகேஸ்வரன்: வாய் பேசாத. பதினோரு மணிக்கு பேங்குல கையெழுத்து. வீட்டுப் பத்திரம் பையில இருக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள முன்பணம் போகலேன்னா சீட்டு போயிரும்னு நீதான சொன்ன.

சுப்ரஜா: போகட்டும். ...நாப்பது லட்சம்பா. வீட்டை அடமானம் வைக்கணும். ரெண்டு மாசத்துக்கு முந்தி நீங்க என்ன சொன்னீங்க? "கரண்டு எடுக்க காத்தாடியைப் பத்திப் படிக்க ஸ்காட்லாந்துக்கா போணும், ராதாபுரத்துல ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நிக்கு, அண்ணாந்து பாத்துப் படி"ன்னு சொல்லல?

மகேஸ்வரன்: அது தெரியாமச் சொன்னது.

சுப்ரஜா: தெரிஞ்சுதான் சொன்னீங்க. அப்பமே எனக்கு அது சரின்னு பட்டுது. மூணு வருசமா அந்தக் காத்தாடியிலதான் ஏறி எறங்குதேன். எண்பது மீட்டர் ஏணி. அங்கன போயி வகுப்புல உக்காந்து அதோட படத்தைப் பாக்கணுமாக்கும்.

மகேஸ்வரன்: முடிச்சா அங்கனயே வேலை கிடைக்கும்லா.

சுப்ரஜா: யாருக்கு, ஜெய்சனுக்குக் கிடைச்ச மாதிரியா? நம்ம தெரு தேவமணி டீச்சர் மவன். லண்டன்ல மாஸ்டர் டிகிரி வாங்கிட்டு ஒரு குடோன்ல அட்டைப்பெட்டி ஒட்டுதான்.

மகேஸ்வரன்: இருந்தாலும் லண்டன் அட்டைப்பெட்டில்லா.

சுப்ரஜா: எப்பா...

மகேஸ்வரன்: சரி, சரி. அந்த ரெண்டாவது பொட்டலம் எங்க?

சுப்ரஜா: அது இப்ப எதுக்கு?

மகேஸ்வரன்: பட்டர் உன் கையிலதான தந்தாரு.

சுப்ரஜா: சாமி பூப்பா. ஆத்துல விட்டுருவோம்.

மகேஸ்வரன்: கொண்டா இங்க. ...கையை விரிட்டி. பேப்பரைப் பைய பிரி, கிழிக்காத. ...இது என்ன?

சுப்ரஜா: பூ.

மகேஸ்வரன்: என்ன நிறம்?

சுப்ரஜா: ...சிவப்பு.

மகேஸ்வரன்: ரெண்டும் சிவப்பு.

சுப்ரஜா: முருகனுக்குச் சிவப்புன்னா இஷ்டம்லா.

மகேஸ்வரன்: ஏட்டி, சாமிகிட்டயே களவாணித்தனமா?

சுப்ரஜா: என்னை எதுக்குச் சொல்லுதீங்க? பொட்டலம் கட்டுனது நீங்க. காலையில பூஜை ரூம் கதவைச் சாத்திக்கிட்டு கட்டுனீங்க. நாப்பது லட்சத்தை மிச்சம் பிடிக்க நீங்கதான் ரெண்டுலயும் சிவப்பை வச்சிருப்பீங்க.

மகேஸ்வரன்: நான் சிவப்பே வைக்கலட்டி.

சுப்ரஜா: ...சிவப்பே வைக்கலியா?

மகேஸ்வரன்: அதாவது...

சுப்ரஜா: எப்பா. அப்ப ரெண்டுலயும் என்ன வச்சீங்க?

மகேஸ்வரன்: ...வெள்ளை.

சுப்ரஜா: ரெண்டுலயுமா?

மகேஸ்வரன்: ரெண்டுலயுந்தான். சாமி உத்தரவுன்னு சொல்லிட்டா உங்க அம்மை மறுபேச்சு பேசமாட்டான்னு பாத்தேன்.

சுப்ரஜா: நீங்கள்லாம் ஒரு மனுசனாப்பா? நீங்க ஆத்துல கால் கழுவப் போன நேரத்துலதான் நான் பொட்டலத்தை மாத்துனேன். உங்களதைப் பிரிச்சுக்கூடப் பாக்கல. எங்கப்பா நியாயமாக் கட்டியிருப்பாருன்னு நம்பி அப்படியே தூர எறிஞ்சேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் வேற செய்யணும்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

மகேஸ்வரன்: நீ எனக்கு நியாயம் சொல்லுதியாக்கும். சரி, எதுக்கு மாத்துன?

சுப்ரஜா: வீட்டுக்காகத்தான். நீங்க ரிட்டயராக இன்னும் நாலு வருசந்தான் இருக்கு. கடனை யாரு கட்ட?

மகேஸ்வரன்: பொய்.

சுப்ரஜா: என்னது பொய்?

மகேஸ்வரன்: பேங்கு பாரத்தை நிரப்புனதே நீ. வீட்டோட நாலு எல்லையையும் முத்து முத்தா எழுதுன. அப்ப வராத பாசம் இப்பத்தான் வந்துட்டாக்கும். முந்தாநாள் வரைக்கும் குளிர்ச் சட்டை, கம்பளித் தொப்பின்னு வாங்கிப் போட்டுக்கிட்டு இருந்தவ. நடுவுல என்னமோ நடந்திருக்கு.

சுப்ரஜா: ஒண்ணும் நடக்கல.

மகேஸ்வரன்: இருவத்தெட்டு வருசமா தாலுகாபீசுல பொய் மனுவா வாங்கிப் போட்டவன் நான். சொல்லு.

சுப்ரஜா: ...கோவப்படக் கூடாது.

மகேஸ்வரன்: படமாட்டேன்.

சுப்ரஜா: சத்தமும் போடக்கூடாது. அந்தா துணி துவைக்கவுக எல்லாம் இங்கனதான் பாக்காக.

மகேஸ்வரன்: சொல்லித் தொலை பிள்ள.

சுப்ரஜா: கணேஷ்ராம் அத்தான் நேத்து போன் பண்ணாரு.

மகேஸ்வரன்: யாரு, எங்க அக்கா மவனா?

சுப்ரஜா: உங்க பிரம்மநாயகி அக்கா பெத்த அதே ஆளுதான். அவரும் ஸ்காட்லாந்துல அதே ஊருக்கு எழுதிப் போட்டிருக்காராம். சீட்டும் கிடைச்சிட்டாம். ரெண்டு பேரும் ஒரே வீடாப் பாத்துட்டா வாடகை மிச்சம்னு சொல்லுதாரு. கல்யாணத்தை முடிச்சிட்டே விமானம் ஏறிருவோமான்னு அத்தை கேட்டாளாம்.

மகேஸ்வரன்: அவன் பாத்திரக்கடைல்லா வச்சிருக்கான். அவனுக்கு எதுக்கு ஸ்காட்லாந்து?

சுப்ரஜா: என்னமோ வியாபார நிர்வாகமாம். குடம், சட்டி விக்கதுக்கு அங்கன போயிப் படிச்சிட்டு வரப்போறாரு.

மகேஸ்வரன்: சரி, அவன் வந்தா வந்துட்டுப் போறான். நீ எதுக்குப் போகாம நிக்க?

சுப்ரஜா: நான் போறேன்னு ஆரம்பிச்சதே அவருகிட்ட இருந்து தப்பிக்கத்தான்பா. எனக்கு அந்தப் படிப்பும் வேண்டாம், குளிரும் வேண்டாம். தூரமா ரெண்டு வருசம் இருந்துட்டா அத்தைக்கு அலுத்துப்போயி வேற பொண்ணு பாத்துருவான்னு நெனச்சேன். இப்பம் மாப்பிள்ளையும் கூடவே வாராரு. நாப்பது லட்சத்தைக் குடுத்து அங்கன போயி அவருக்குச் சோறு பொங்கணுமா நான்?

மகேஸ்வரன்: இதை மொதல்லயே என்கிட்டச் சொன்னா என்னட்டி?

சுப்ரஜா: எப்படிச் சொல்ல? எனக்கு மொட்டை போட்ட அன்னைக்கே கழுத்துல சங்கிலியைப் போட்டு "இவ என் மருமவ"ன்னு சொன்னவ அத்தை. அத்தை வீட்ல மொட்டை மாடிக்கு ஏறணும்னாக்கூட கேட்டுட்டுத்தான் ஏறணும். நீங்களே அத்தை "உக்காருலே"ன்னு சொல்லாம உக்கார மாட்டீங்க. ஊர்ல நாலு பேரு முன்னால உங்க அக்காவை நீங்க எதுத்துப் பேசணும்னு நான் எப்படிக் கேக்க? ...அதை விடுங்க. வேண்டவே வேண்டாம்னு நின்ன ஆளு, திடீர்னு எதுக்கு ரெண்டுலயும் வெள்ளை வச்சீங்க? அதைச் சொல்லுங்க.

மகேஸ்வரன்: ...போன மாசம் அக்கா வந்தா. தை மாசம் கல்யாணம்னு நாளைக் குறிச்சு என் சட்டைப்பையில வச்சிட்டுப் போனா. அவனுக்கு உன்னைக் குடுக்க எனக்கு மனசே இல்லட்டி. ஆனா அம்பத்தாறு வயசாயி, அவ முன்னால "மாட்டேன்"ங்கற ஒரு வார்த்தை எனக்கு வாயில வரல. உன்னை நாடு கடத்திட்டா அதைச் சொல்லாமலே தப்பிச்சிரலாம்னுதான் வீட்டை அடமானம் வைக்கவே துணிஞ்சேன். ...எந்திரி, வண்டியை எடு. பேங்குக்கு வேண்டாம், அக்கா வீட்டுக்கு விடு. நீ உள்ள வராத, வண்டியை அணைக்காமத் தெருவுலயே நில்லு. சொன்னதும் ஓடி வந்துருதேன்.