பின்விளக்குக்குப் பங்கில்லை

உங்கள் போலீஸ் ஜீப்பில் இடது பக்க முன்விளக்கு கொஞ்சம் மங்கலாக எரிகிறது, ஐயா. எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும். சுரண்டிவிட்டு முறுக்கினால் சரியாகிவிடும். இருபத்தாறு வருடமாகக் கார் எலக்ட்ரீஷியன்; விளக்கைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

என் தங்கச்சி வீட்டுக்காரர் வாத்தியார். ஒன்பது வருடமாக இருவரும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். அம்மா போனபிறகு அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவன் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சாப்பாடு அவள் கையால்தான். அப்படியிருக்க, மாப்பிள்ளை மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். அவராகக் கேட்டு வாங்கியது, ஐயா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "மச்சான், அங்க காலையில ஒரே பனிமூட்டமாம். லைட்டெல்லாம் ஒரு தடவை பாத்துடுங்க. நீங்க பாத்துட்டா எனக்குக் கவலையில்ல" என்றார்.

அந்தக் காரில் பகல் விளக்கு உண்டு. எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும். வோல்டேஜ் பதின்மூன்றைத் தாண்டியதும் ஒரு சின்னப் பெட்டி அதை உணர்ந்து ரிலேயைப் போடும். முன்விளக்கு இரண்டும் ஒரே வரிசையில் சேர்ந்து, ஆளுக்குப் பாதி வோல்டேஜ் வாங்கிக்கொண்டு மங்கலாக எரியும். எதிரே வருகிறவன் பார்க்கத்தான் அது. பின்விளக்குக்கு அதில் பங்கு கிடையாது; சுவிட்சைப் போட்டால்தான் அது எரியும். டாஷ்போர்டும் இருட்டாகவே இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஓட்டுகிறவர் சுவிட்சைப் போடுவார்.

நான் எந்தக் கம்பியையும் அறுத்துப் போடவில்லை. முன்விளக்குக்கு முழு வோல்டேஜ் கிடைக்கும்படி செய்தேன். டாஷ்போர்டுக்கு அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு கம்பி கொடுத்தேன். அவ்வளவுதான். "இனிமே லைட்டு தானாவே எரியும் மாப்பிள்ளை, சுவிட்சைத் தொடவே வேணாம்" என்றேன். மனுஷன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பனியில் பின்னால் வரும் லாரிக்காரன் கண்ணுக்கு மட்டும் அந்தக் கார் தெரியாது.

முதலில் அவர் தனியாகப் போய் வீடு பார்ப்பதாகத்தான் பேச்சு. கிளம்புகிற அன்று காலையில் பார்த்தால் தங்கச்சியும் பையோடு இறங்கி வருகிறாள். "ஒரு வாரம் எதுக்குண்ணா இங்க கிடக்கணும், நானும் கூடவே போயிடறேன். மத்தியானத்துக்குச் சமைச்சு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடு" என்றாள். தையல் மிஷின் ஆடாமல் பிடித்துக்கொள்ளப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். கார் தெருமுனை திரும்பும்வரை, எரியாத அந்த இரண்டு பின்விளக்கையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்கண்ணாடி வழியாக அவள் கை காட்டினாள்.

மத்தியானம் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் உங்கள் ஆள் வந்து, மலைப்பாதைப் பனியில் பின்னால் வந்த லாரி கார்மேல் ஏறிவிட்டது, இரண்டு பேருமே போய்விட்டார்கள் என்றார்.

ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் சுவிட்சைப் போட்டுக்கொண்டு இருவரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள், ஐயா?