நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்

அன்று காலை சொர்ணம்மா கடையின் பின்னறையில் இருந்தவர்கள்: கடைக்கும் முந்தின நாள் எரிந்துபோன கொப்பரைக் கொட்டகைக்கும் சொந்தக்காரியான சொர்ணம்மா, தமிழில் ஒரு சொல்லும் தெரியாத வங்காளி ஏட்டு மண்டல், படகு இஞ்சின் மெக்கானிக் ஈஸ்வரன், மெயின்லேண்டில் குற்றவியல் முதுகலை இறுதியாண்டு படிக்கும் அஸ்வின், அதாவது நான். நாற்காலிகள் மூன்றுதான் இருந்தன. மொழிபெயர்க்கிறவன் நிற்பதுதான் முறை என்று நான் நின்றுகொண்டேன்.

கொட்டகைக்குள் இறந்துபோன ஐயாவு அங்கே இல்லை. அவரை முதல் நாள் இரவே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

நீங்கள் பேனாவை மூன்று முறை உதறிவிட்டீர்கள், மேடம். என்னிடம் இன்னொன்று இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணைக்கென்று போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் இத்தனை தூரம் வந்துவிட்டு மை இல்லாமல் திரும்பக் கூடாது. என் ஆய்வேட்டை நீங்கள் கடைசிப் பக்கம்வரை படித்திருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். என் கைடு முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

கைடிடமிருந்துதான் தொடங்க வேண்டும். சிறிய தீவில் சந்தேகம் எப்படிப் பரவுகிறது என்பது என் தலைப்பு. முதல் வரைவைத் திருப்பிக் கொடுத்தபோது, உங்கள் ஹட் பே ஊரில் குற்றமே இல்லையே, எதை ஆய்வு செய்வாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் அந்த வருடம் நடந்தவை ஒரு வாத்துத் திருட்டும் கல்யாண வீட்டில் ஒரு கைகலப்பும்தான். வாத்தும் மறுநாள் தானாகவே திரும்பி வந்துவிட்டது. ஏதாவது கொட்டகை எரிந்தால் போதுமா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு வரைவின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினார்: பாதிக்கப்பட்டவர் எங்கே?

அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விடுமுறைக்கு ஊர் வந்தேன்.

இங்கே என் படிப்பைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. நான் கப்பலை விட்டு இறங்கிய ஜெட்டியிலேயே சொர்ணம்மா தொடங்கிவிட்டார்.

"குத்தவியலா? அதுக்கு மெயின்லேண்டு வரைக்கும் கப்பல் ஏறணுமா அஸ்வின்? எங்க வீட்டுக்காரரோட ஒரு வாரம் இரு. எல்லாப் பாடமும் அவரே நடத்திருவாரு."

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஐயாவு நிமிர்ந்து பார்த்தார். "முடிச்சா போலீஸாவியா, திருடனாவியா?"

"ரெண்டும் இல்ல மாமா. ஆராய்ச்சி."

"அச்சா. அப்ப ரெண்டு பேருகிட்டயும் அடி வாங்குற வேலை."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஐயாவுவை எனக்குப் பிடிக்கும். அவருக்கு வீடில்லை, உறவென்று யாரும் இல்லை. குடித்த நாட்களில் கொப்பரைக் கொட்டகையில் படுத்துக்கொள்வார். ஒருவர் போவதால் எத்தனை பேர் துன்பப்படுவார்கள் என்று கணக்கிடச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் அவரைவிடக் குறைவாக வருகிறவர் இந்த ஊரில் இல்லை. நன்றாக யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

ஈஸ்வரன் அண்ணனை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவராக வந்து சேர்ந்தார். அவர் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, சுனாமிக்குப் பிறகு இங்கே குடியேறியது. வீட்டில் பேசுவது தோட்டத்துத் தமிழ். வெளியே பேசுவது எல்லாரையும் போலத் தீவு இந்தி. இந்த இந்தியில் காலம் கிடையாது, உங்களுக்கே தெரியும். போனாலும் ஜாத்தா, போகப்போனாலும் ஜாத்தா. அதோடு இந்தியில் நேற்றுக்கும் கல், நாளைக்கும் கல்.

கொட்டகையில் கிடந்த டிங்கிப் படகு இஞ்சினைத் திங்கட்கிழமை சரிபார்ப்பதாக இருந்தார் அவர். டீசல் கேனை முன்கூட்டியே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார். சனிக்கிழமை மாலை கொட்டகை எரிந்தது. ஞாயிறு காலை அந்தப் பின்னறையில் ஏட்டு மண்டல் கேன் யாருடையது என்று கேட்டார்.

"ஹமாரா ஹை சாப்," என்றார் ஈஸ்வரன். "ஹம் கல் உதர் ஜாத்தா. இஞ்சின் பனாத்தா."

கேன் தன்னுடையதுதான், கல் அங்கே போய் இஞ்சின் வேலை என்றார். மண்டல் பேனாவை நிறுத்தினார். "கௌன்சா கல்?"

எந்தக் கல் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஈஸ்வரன் பதற்றத்தில் இருந்தார். அவருக்கு அது காதில் சரியாக விழவில்லை.

"என்னா தம்பி கேக்குறாரு?"

"இஞ்சின் வேலைக்குத்தானே அண்ணே கொட்டகைக்கு?"

"ஆமா தம்பி, வேற எதுக்கு?" என்று பலமாகத் தலையாட்டினார்.

நான் ஏட்டிடம் திரும்பி, "பீத்தா ஹுவா கல், சாப்," என்றேன். கழிந்துபோன கல், அதாவது நேற்று. தலையாட்டலை அவரும் பார்த்திருந்தார், எழுதிக்கொண்டார். சொர்ணம்மா அந்த நேரம் போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் இருக்கும் மகளோடு போனில் அழுதுகொண்டிருந்தார். கீழே ஈஸ்வரன் கையெழுத்துப் போட்டார். பிறகு அவர் சொன்னதெல்லாம் பேச்சை மாற்றுகிறார் என்ற தலைப்பில் போய்ச் சேர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை, மேடம். எந்த அகராதியைப் பிரித்தாலும் இரண்டு அர்த்தமும் இருக்கும். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஆய்வு நன்றாகப் போனது. மூன்றாம் நாளே ஈஸ்வரன் சின்ன வயதிலிருந்தே முரடு என்று, அவரைச் சின்ன வயதில் பார்த்திராதவர்கள் சொன்னார்கள். அவர் பழுதுபார்த்த இஞ்சின்களைக்கூட ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். ஐந்தாம் அத்தியாயம், குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பம், முழுக்க அவர் மனைவி அலமு அக்காவின் பேச்சு. ஒவ்வொரு வாரமும் போய்ப் பதிவு செய்தேன். "இந்த வாசல மிதிக்கிறது நீ ஒருத்தன்தான் தம்பி," என்று பாலில்லாத கட்டன்சாயா கொடுப்பார். மூன்றாவது வாரம் சர்க்கரை இல்லை. அதையும் குறித்துவைத்திருக்கிறேன், பக்கம் எழுபத்திரண்டு.

பதினொரு மாதம். அண்ணன் இன்னும் உள்ளே இருக்கிறார் என்பது எனக்கும் சங்கடம்தான். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பின்னிணைப்பைப் புரட்டிவிட்டார். அவர் உங்களுக்கு எழுதிவிட்டார், நீங்கள் கப்பல் ஏறிவிட்டீர்கள்.

அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆய்வில் பங்கெடுக்கும் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், தேதியும் நேரமும் போட வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. நான் எல்லாரிடமும் வாங்கினேன், ஒருவரையும் விடாமல். நான்காம் பின்னிணைப்பில் பாதிக்கப்பட்டவர் என்ற தலைப்பின் கீழ் ஐயாவுவின் கைரேகை இருக்கிறது. தேதி, தீப்பிடித்த சனிக்கிழமை. நேரம், மாலை ஆறு நாற்பது. இறந்த பிறகு வாங்கியிருக்க முடியாது. இறப்பதற்கு முன் அவர் பாதிக்கப்பட்டவர் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று தேர்வாளர் கேட்டாராம். அதுவும் நியாயமான கேள்விதான்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். ஈஸ்வரன் அண்ணன் சொன்னது நாளைக்கு. அவரை விட்டுவிடலாம்.

ஆறரைக்கு நான் கொட்டகை வாசலில் இருந்தேன். பின்பக்கச் சுவரில் டீசல் ஊற்றி முடித்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஐயாவு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தள்ளாடி வந்தார்.

"என்னா பேப்பரு?"

"ஆராய்ச்சிக்குச் சம்மதம், மாமா. கைரேகை வைங்க."

"வெச்சா நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தா போதும்."

"அது எனக்கு நல்லா வரும்," என்று சிரித்து, நான் நீட்டிய மையில் கட்டைவிரலை அழுத்தினார். தாள் நனையாமல் என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் உள்ளே போய்க் கொப்பரை மூட்டைகள்மேல் சாய்ந்தார்.

கால் மணி நேரம் கழித்துத் தீ வைத்தது நான்தான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உங்கள் குறிப்பில் அவரை உள்ளே வைத்து அடைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவர் தன் காலால் நடந்துதான் உள்ளே போனார். சாரல் பலமாக அடித்தது. மனிதர் நனைந்துவிடக் கூடாதே என்றுதான் நான் கதவைச் சாத்தி, கொண்டியை மாட்டிப் பூட்டினேன்.